மட்டிக்கு ஒரு கால்

கணக்கு வாத்தியார் என்னை 'மட்டி, மட்டி' என்று திட்டிய காலத்தில், அது ஒரு கடல் பிராணியின் பெயர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகவே எடுத்துக்கொண்டிருப்பேன். சமீபத்தில் நியூசிலாந்து மட்டிகளைப் பற்றிப் படித்ததில் அந்தக் கௌரவமும் போச்சு.

மட்டிக்கு ஒரே ஒரு கால். நாக்கு மாதிரி, வெறும் சதை. அதை ஓட்டுக்கு வெளியே நீட்டி, மணலைத் தோண்டி உள்ளே புதைந்துகொள்ளும். வெளியே கிடந்தால் யாராவது கொத்திவிடுவார்கள்.

நியூசிலாந்தின் தெற்கே, டுனெடின் நகரத்தை ஒட்டி ஒட்டாகோ துறைமுகம். கடல் வற்றினால் பரந்த சேற்றுவெளி. அதில் மாவோரி மக்கள் துவாங்கி என்று அழைக்கும் மட்டி ஏராளம். ஆனால் சில மட்டிகள் புதையாமல் மேலேயே 'தேமே' என்று கிடக்கும். காலை அறுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு தட்டைப்புழுவின் குஞ்சுகள் அங்கே கூடு கட்டி உட்கார்ந்திருக்கின்றன, நூற்றுக்கணக்கில். கால் மரத்துப்போனவன் மண்வெட்டி பிடிப்பது எப்படி?

புழுவின் பெயர் கர்ட்டூட்டேரியா ஆஸ்ட்ராலிஸ். (மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சைக்கு வராது.) பாலபருவம் ஒரு நத்தைக்குள். அப்புறம் நீந்தி வந்து மட்டியின் காலில் குடியிருப்பு. போய்ச் சேர வேண்டிய இடமோ ஆய்ஸ்டர்கேட்சர் என்கிற கரையோரப் பறவையின் குடல். அங்கேதான் வயசுக்கு வரும், முட்டையிடும். முட்டைகள் எச்சத்தோடு சேற்றுக்குத் திரும்பி, மறுபடி நத்தை. பறவை எப்போது வரும் என்று காத்திருக்காமல், மட்டியை முடமாக்கித் தெருவில் போட்டு, 'இந்தாப்பா, சாப்பிடு' என்கிறது புழு. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பூலினும் ஃபிரெட்ரிக் தாமஸும் 1998-ல் இதை எழுதினார்கள்.

வில்லன் ஜெயித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். 2003-ல் கிம் மௌரிட்சனும் பூலினும் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். கடல் ஏறும்போது, மேலே கிடக்கும் மட்டி பாவம், எப்படியாவது புதைந்துகொள்ளலாம் என்று காலை நீட்டும். ஸ்பாட்டி என்று ஒரு சின்ன மீன் வந்து கால் நுனியை நறுக்கென்று கடித்துக்கொண்டு போய்விடும். தோண்டவிடாமல் செய்யும் புழுக்கள் இருப்பதே அந்த நுனியில்தான்! மீன் வயிற்றில் அவை ஜீரணமாகிவிடும். பறவைக்குப் போய்ச் சேருவதைவிடப் பல மடங்கு புழுக்கள் இப்படி மீனுக்குப் போகின்றனவாம். திருச்சிக்கு டிக்கெட் எடுத்தவனை விழுப்புரத்திலேயே இறக்கிவிட்ட கதை.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் உணவுச் சங்கிலிப் படம் பார்த்திருப்பீர்கள். பாசி, மீன், பறவை, அம்புக்குறி. அதில் புழு கிடையாது. புழுவை விட்டுவிட்டால், இந்த மீனுக்கு மட்டிக்கால் எப்படிக் கிடைத்தது என்பதற்கே பதில் இல்லை. 2006-ல் கலிபோர்னியாவின் கார்ப்பின்டீரியா உப்புச் சதுப்பு நிலத்தில் 'யார் யாரைத் தின்கிறார்கள்' என்று கெவின் லாஃபர்டி குழுவினர் கணக்கெடுத்தார்கள். சுமார் 75 சதவிகித உறவுகளில் ஏதோ ஒரு ஒட்டுண்ணி சம்பந்தப்பட்டிருந்தது. அழையா விருந்தாளி என்று நாம் நினைத்தவர்தான் பந்தியில் முக்கால்வாசி.

ஒட்டாகோவில் இன்னொரு கூத்து. சேற்றில் உட்கார இடமில்லாமல் தவிக்கும் ஜீவன்களுக்கு, மேலே கிடக்கும் மட்டி ஓடு ஒரு திண்ணை. தொப்பி போட்ட மாதிரி குட்டி நத்தைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். கடல் சாமந்தியும் வரும். பெயர்தான் பூ, ஆள் மாமிசபட்சிணி. நத்தையிலிருந்து மட்டியின் காலைத் தேடி நீந்தி வரும் புழுக்குஞ்சுகளில் ஒரு பங்கை, வாசலிலேயே பிடித்துச் சாப்பிட்டுவிடுகிறது. வாடகையை இப்படிக் கொடுக்கிற குடித்தனக்காரர் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.