விளையாட்டு இல்லீங்க, பீஸ் ரேட்!

"கேம் விளையாடிக்கிட்டே சம்பாதிக்கலாம்!" தமிழில் யூட்யூப் பக்கம் போனால் இந்த மாதிரி தலைப்புகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் பையன்களுக்கு இது தேன் மாதிரி இனிக்கும். டேனரி நாற்றம் கிடையாது. ஷூ கம்பெனி ஷிஃப்ட் கிடையாது. சூப்பர்வைசர் திட்டு கிடையாது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஆடினால் காசு. கசக்குமா என்ன?

ஆனால் இது விளையாட்டே இல்லை. பீஸ் ரேட் கூலி வேலை. ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிற பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே வேலை. ஊசிக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான்.

விஷயம் புதிதாகப் படும் ஆட்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்', அதற்கும் முன்பே வந்த 'ரூன்ஸ்கேப்' மாதிரி, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்துக்குள் ஆடும் ரோல் பிளேயிங் கேம்களில் கோல்டு என்று ஒரு நாணயம் உண்டு. அரக்கனைக் கொன்றால் கிடைக்கும், தாது வெட்டினால் கிடைக்கும். நல்ல வாளும் கவசமும் வாங்க அது வேண்டும். அதைச் சேர்க்க நேரம் வேண்டும். அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரருக்கு நேரம் இல்லை, காசு இருக்கிறது. ஏழை நாட்டுப் பையனுக்குக் காசு இல்லை, நேரம் இருக்கிறது. இந்த இடைவெளியில் முளைத்ததுதான் 'கோல்டு ஃபார்மிங்'. ஒரே இடத்தில் ஒரே அரக்கனை நாள் முழுக்கக் கொன்று கோல்டு சேர்த்து, நிஜப் பணத்துக்கு விற்பது.

இது ஏதோ நாலு பேர் செய்த வேலை இல்லை. சுமார் 4 லட்சம் பேர் இதில் இருப்பதாகவும், சராசரி சம்பளம் மாதம் 145 டாலர் என்றும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008-ல் கணக்கிட்டார். பெரும்பாலானோர் சீனர்கள். கோல்டு விற்பதும், அடுத்தவருக்காக ஆடிக் கொடுப்பதுமான இந்தச் சந்தையின் அளவு 2009-ல் சுமார் 300 கோடி டாலர் என்றது உலக வங்கியின் இன்ஃபோடெவ் 2011-ல் வெளியிட்ட ஆய்வு.

இந்தக் காசு யார் பைக்குப் போனது? ஜூலியன் டிபெல் 2007-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சீனாவின் நான்ஜிங் நகரத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதினார். ராத்திரி 12 மணி நேர ஷிஃப்ட். 100 கோல்டு சேர்த்தால் தொழிலாளிக்கு 10 யுவான், அதாவது ஒன்றேகால் டாலர். மணிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 30 சென்ட். அதே 100 கோல்டை முதலாளி 3 டாலருக்கு மேல் விற்கிறார். வாங்கிய ஆன்லைன் வியாபாரி கடைசி வாடிக்கையாளருக்கு 20 டாலர் வரை விற்கிறார். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவனுக்கு இருபதில் ஒன்றேகால்!

இந்தக் கணக்கு ஆம்பூருக்குப் புதிதா? வீட்டிலிருந்து அப்பர் தைக்கும் பெண்களைப் பற்றி சிவிடெப் முதலான அமைப்புகள் 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி. நடுவில் ஏஜெண்ட். எழுத்தில் எதுவும் கிடையாது. முதுகுவலியும் கண் எரிச்சலும் தைப்பவர் கணக்கில். ஷூ என்னவோ ஐரோப்பியக் கடையில் பளபளவென்று நிற்கும். தைத்தவர் கையிலிருந்து விற்பவர் கைக்குப் போவதற்குள் விலை எப்படி ஏறுகிறது என்று இந்த ஊரில் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அதனால் பீஸ் ரேட் வேலைக்குக் கேட்கிற மூன்று கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, ரேட் வைப்பது யார்? வியட்நாமின் ஸ்கை மேவிஸ் கம்பெனி நடத்தும் 'ஆக்ஸி இன்ஃபினிட்டி'யைப் பாருங்கள். ரோல் பிளேயிங் வகை இல்லை என்றாலும் கதை ஒன்றுதான். கொரோனா நேரத்தில் பிலிப்பைன்ஸில் வேலை போனவர்கள் கூட்டம் கூட்டமாக இதில் இறங்கினார்கள். ஆடிச் சேர்க்கும் எஸ்எல்பி டோக்கன் ஒன்று 2021 ஜூலையில் 30 சென்ட்டுக்கு மேல் போனது. 2022 நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே. அன்று 1000 ரூபாய் தந்த அதே டோக்கன் குவியலுக்கு அடுத்த வருடம் 34 ரூபாய்கூடத் தேறவில்லை. போதாததற்கு, டோக்கன் பெருகிவிட்டது என்று 2022 பிப்ரவரியில் அட்வென்ச்சர் பகுதியில் ஆடினால் கிடைத்து வந்த எஸ்எல்பியைக் கம்பெனியே நிறுத்தியது. ஆடியவர்களிடம் சம்மதம் கேட்டா நிறுத்தினார்கள்?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அப்போது ஆட்டத்துக்கு மூன்று ஆக்ஸி மிருகங்கள் வேண்டியிருந்தன. வாங்க வக்கில்லாதவருக்கு ஒரு 'மேனேஜர்' கடனாகக் கொடுத்து, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்வார். ஊர்ப்பக்கம் இதற்கு ஆடு மாட்டை வாரத்துக்கு விடுவது என்று பெயர். அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? ஸ்காலர்ஷிப்!

இரண்டாவது கேள்வி, சேர்த்த சரக்கு யாருடையது? வார்கிராஃப்டின் விதிப்படி கோல்டு கம்பெனிக்கே சொந்தம். வெளியில் விற்றது தெரிந்தால் கணக்கு முடக்கம், ஆறு மாத உழைப்பு அம்போ. "கோல்டு விற்பது ஆட்டத்தையே கெடுக்கிறது" என்பது கம்பெனி சொல்லும் காரணம். கோல்டு பெருகினால் ஆட்டத்துக்குள் விலைவாசி ஏறும், அது உண்மைதான். ஆனால் அதே கம்பெனி 2015-ல் 'டோக்கன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 20 டாலர் கொடுத்து டோக்கனை வாங்கி, ஆட்டத்துக்குள் இன்னொருவரிடம் கோல்டுக்கு விற்றுக்கொள்ளலாம். மாதச் சந்தா 15 டாலர்தான், டோக்கனுக்கு 20! பையன் விற்றால் குற்றம், கம்பெனி தன் கல்லாவில் வைத்து விற்றால் சேவை.

மூன்றாவது கேள்வி, அநியாயம் நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? குடியாத்தம் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு இதற்கு ஒரு பதில் இருந்தது. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று ஒப்புக்கொண்டது. கழித்துப்போட்ட பீடிக்காகத் தகராறு வந்தால் முறையிடவும் வழி சொன்னது. அது ஒழுங்காக நடந்ததா என்பது தனிக் கதை. காகிதத்திலாவது இருந்தது. அரக்கனைக் கொல்பவனுக்கு அந்தக் காகிதமும் இல்லை. அவன் தொழிலாளியே இல்லை, 'ப்ளேயர்'.

"திறமை இருக்கிறவன் ஜெயிப்பான், சோம்பேறிதான் புலம்புவான்" என்று ஜல்லியடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே அரக்கனை ஆயிரம் முறை கொல்ல என்ன திறமை வேண்டும்? அதனால்தான் 'பாட்' என்கிற தானியங்கி நிரல்கள் தூங்காமல் அதே வேலையைச் செய்து விலையை இறக்குகின்றன. திறமையைக் காட்டிச் சம்பாதிப்பவர் யாரென்று பார்த்தால், "சம்பாதிப்பது எப்படி" என்று வீடியோ போடுபவர்தான்!

கோல்டு சேர்ப்பவனைத் திருடன் என்று திட்டும் ஆட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். 2017-ல் வெனிசுவேலாவில் பணவீக்கம் தலைவிரித்து ஆடியது. அந்த ஊர்க் காசைவிட ரூன்ஸ்கேப் கோல்டுக்கு மதிப்பு இருந்ததால், பச்சை டிராகன்களைக் கொன்று சாப்பாட்டுக்கு வழி தேடினார்கள் பலர். அவர்களைத் தேடிப்பிடித்து ஆட்டத்துக்குள் கொல்வது எப்படி என்று ஒரு மகானுபாவர் வழிகாட்டியே எழுதினார்! கோல்டு வாங்குகிறவன் கௌரவமான ஆட்டக்காரன், சேர்த்துக் கொடுப்பவன் களையெடுக்க வேண்டிய பூச்சி. தோல் செருப்பு போடுபவனுக்கு மரியாதையும் தோல் பதனிடுபவனுக்கு மூக்கைப் பொத்திக்கொள்வதும் பார்த்துப் பழகிய ஊருக்கு இந்த நியாயமும் புதிதில்லை.

கேம் ஆடுவது தப்பில்லை. காசுக்கு ஆடுவதும் தப்பில்லை. கூலி வேலையை விளையாட்டு என்று பெயர் மாற்றி விற்பதுதான் அயோக்கியத்தனம். வேலை என்று சொன்னால் சம்பளம் கேட்பான், நேரம் கேட்பான், சங்கம்கூட வைப்பான். விளையாட்டு என்று சொல்லிவிட்டால் தோற்றதற்குத் தன்னையே நொந்துகொண்டு எழுந்து போய்விடுவான்.

அடுத்த முறை அப்படியொரு வீடியோ கண்ணில் பட்டால், வீட்டில் அப்பர் தைக்கும் அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். "ஜோடிக்கு எவ்ளோடா தர்றான்? ரிஜெக்ட் ஆனா யார் தலையில? கரண்ட் பில் யாருது?" என்று கேட்பார்கள். அந்த வீடியோவில் இதற்குப் பதில் இருந்தால் தாராளமாக இறங்குங்கள்.