வீட்டைவிட்டு ஓடுகிறவர்களும் நமது கடமையும்

தன்பாலீர்ப்புள்ள ஆண் பெண்களுக்காகவும், திருநங்கை திருநம்பிகளுக்காகவும் சென்னைப் பட்டணத்தில் சில அமைப்புகள் ஏற்பட்டு, அவற்றில் வாலிபர்கள் பலர் சம்பளமில்லாமல் தொண்டு செய்து வருகின்றார்கள். இதைக் குறித்து நமது தோழர்களிலேயே சிலர், "ஜாதி ஒழிப்புக்கும் மூடப்பழக்க ஒழிப்புக்கும் ஏற்பட்ட நமது இயக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்மந்தம்?" என்று கேட்கின்றார்கள். சம்மந்தம் உண்டு என்பது மாத்திரமல்ல, இது நாம் முன்னின்று செய்ய வேண்டிய வேலை என்பதே நமது அபிப்பிராயமாகும்.

முதலாவது, அந்தத் தொண்டு இன்னதென்று பார்ப்போம். 1998-ல் தோன்றிய 'சகோதரன்', 2003-ல் தொடங்கிய 'ஓரினம்' ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். ஓரினம் என்பது தொண்டர்களைக் கொண்டே நடப்பது. இப்படிப்பட்ட இடங்களில் தொண்டு செய்கிறவர்கள் பெரிய காரியம் என்று சொல்லிக் கொள்ளும்படியாக ஒன்றும் செய்வதில்லை. தூக்குக் கயிற்றை நினைத்துக் கொண்டிருக்கும் ஒருவன் போன் செய்தால் பொறுமையாகக் கேட்பது, அடித்துத் துரத்தப்பட்ட பெண்ணுக்கு இரண்டு நாள் தங்க இடம் பார்ப்பது, போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போவது, அழுகின்ற தாய் தகப்பனுக்கு எடுத்துச் சொல்லுவது, இவ்வளவுதான். ஆனால் இவை இல்லாவிட்டால் போவது ஒரு உயிர்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுவோம். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு ஓடி வந்தார்கள். பெற்றோர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்களுக்கு இடம் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் இந்தத் தொண்டர்களே. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லி, ஒரு மனநல நிபுணரிடம் தாமே போய்ப் பாடம் கேட்டு, 2021-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களைப் போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது, "மாற்றிவிடுகிறேன்" என்று வைத்தியம் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். அதையொட்டி 2022-ல் நமது மாகாணப் போலீசாரின் நடத்தை விதிகளிலேயே 24-சி என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. உயர்ந்த ஆசனத்தில் இருப்பவர் "எனக்குத் தெரியாது, தெரிந்து கொள்ளுகிறேன்" என்று சொன்னாரே, அதுதான் பகுத்தறிவு என்பது.

நிற்க, மதத்தின் பேரால் ஆட்சேபிக்கின்றவர்களைக் கேட்கின்றோம். மகாவிஷ்ணு மோகினியானதும், அவளைச் சிவன் கூடியதும், ஹரிஹர புத்திரன் பிறந்ததும் உங்களுக்குப் பக்திக் கதை. பாதி ஆண் பாதி பெண்ணாகக் கல்லில் செதுக்கினால் அர்த்தநாரீஸ்வரர், அபிஷேகம், ஆராதனை. அதுவே ரத்தமும் சதையுமாக உங்கள் வீட்டில் பிறந்தால் விளக்குமாறு! உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக் கொள்ளுவதும், மறுநாள் அறுத்துக் கொண்டு அழுவதும் திருவிழா. வேடிக்கை பார்க்க ஊரே திரளுகின்றது. அழுது முடித்தவளுக்கு ஒரு அறை வாடகைக்குக் கொடுக்க மாத்திரம் ஆளில்லை. இது என்ன தர்மம்?

"இது அந்நிய நாட்டு வழக்கம்" என்கின்றார்கள் வேறு சிலர். அந்நியன் கொண்டு வந்தது மனிதர்களை அல்ல, சட்டத்தைத்தான். 377-வது பிரிவு 1860-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் செய்த தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அவனே தன் நாட்டில் 1967-ல் தளர்த்தத் தொடங்கினான். நமது சுப்ரீம் கோர்ட்டு அதை உடைத்தது 2018 செப்டம்பர் 6-ந் தேதி. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் விலங்கைப் பூட்டி வைத்திருந்தவர்கள், விலங்கு பூட்டப்பட்டவனைப் பார்த்து அந்நியன் என்பது வேடிக்கையே யாகும்.

"இயற்கைக்கு விரோதம்" என்பதும் நமக்குப் பழகிய கூச்சல்தான். விதவை மணத்துக்கும் கர்ப்பத்தடைக்கும் இதையேதான் சொன்னார்கள். ஆண் பெண் சேர்க்கை பிள்ளை பெறுவதற்கு மாத்திரமல்ல என்று நமது இயக்கம் எப்போதோ சொல்லிவிட்டது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கின்றது. அன்றியும் உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே இவ்விருப்பத்தை வியாதிகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வியாதியே இல்லாததற்கு மந்திரவாதி என்ன, டாக்டர் என்ன?

தோழர்களே! நமது சொந்தச் சரித்திரத்தையும் நினைத்துப் பாருங்கள். 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சுக்கிலநத்தத்தில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1953-ல் சென்னை ஐகோர்ட்டு அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. 1967-ல் அண்ணா மந்திரி சபை சட்டம் செய்யும் வரை, நம் பெண்களை ஊர் என்ன பெயரிட்டு அழைத்தது என்பது வயதானவர்களுக்குத் தெரியும். ஓரினத் தம்பதிகளின் திருமணத்தை அங்கீகரிக்க 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. ஆனால் 2025-ல் சென்னை ஐகோர்ட்டு, திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை என்று சொல்லி, பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுதலை செய்தது. நாற்பது வருஷம் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றார்கள். நம்மைவிட அதை அறிந்தவர் யார்?

ஆகவே, பட்டணத்தார் பார்த்துக் கொள்ளட்டும் என்று இருந்துவிடக் கூடாது. வாலிகண்டபுரத்துப் பிள்ளை எதற்காகச் சென்னைக்கு பஸ் ஏறி ஓட வேண்டும்? ஓட வேண்டாதபடி செய்வதே இங்குள்ளவர்களின் தொண்டு. "கல்யாணம் செய்தால் சரியாகிவிடும்" என்று ஒரு கல்யாணம் நடந்தால், கெடுவது ஒரு வாழ்வல்ல. ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் சேர்ந்தே கெடுகின்றது. அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு நமது தோழர்கள் போகக் கூடாது. தலைமை வகிக்கவும் கூடாது. அடித்துத் துரத்தப்பட்டவருக்கு ஒருவேளைச் சோறும் திண்ணையும் கொடுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போய் 24-சி விதியை எடுத்துச் சொல்லுங்கள்.

வாலியை மறைந்து நின்று கொன்றதை நாம் எத்தனையோ மேடைகளில் கண்டித்திருக்கின்றோம். வாலியின் பெயரைத் தாங்கிய ஊரில், ஒருவரின் முதுகுக்குப் பின்னால் திண்ணையில் உட்கார்ந்து அவர் மானத்தை வாங்குவதும் மறைந்து நின்று எய்கின்ற அம்புதான். பிறர் மானத்தையும் தன் மானமாகக் கருதாதவனுக்குச் சுயமரியாதைக்காரன் என்கின்ற பெயர் தகாது என்பதைச் சொல்லி இதை முடிக்கின்றோம்.