மதிப்பெண் பட்டியலுக்குப் பிறகு: சின்னசேலம் பகுதி இளையோரும் அறிவியல் பணிகளும்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் ஊர்களில் டிஜிட்டல் பேனர்கள் முளைத்துவிடுகின்றன. முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்கள், நீட் பயிற்சி மையங்களின் விளம்பரங்கள், பொறியியல் கல்லூரிகளின் அறிவிப்புகள் என்று சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை சாலையோரம் நிறைந்துவிடும். பேனரில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 600க்கு 350, 400 மதிப்பெண் பெற்று, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் தேறிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். அறிவியல் பாடப்பிரிவில் படித்தவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாம்.

நம் மக்களின் மனத்தில் அறிவியல் படிப்புக்கு இரண்டே வாசல்கள் உள்ளன. ஒன்று நீட் எழுதி மருத்துவராவது, மற்றொன்று பொறியியல். முதல் வாசல் திறக்கவில்லை, இரண்டாவதற்குப் பணம் இல்லை என்றால், அறிவியலோடு அந்தப் பிள்ளையின் உறவு அன்றோடு முடிந்துவிடுகிறது. பையன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறான். பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கத் தொடங்குகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கற்ற வேதியியலும் உயிரியலும் பழைய புத்தகக் கடைக்குப் போய்விடுகின்றன. திறமைக் குறைவினால்தான் இப்படி நடக்கிறது என்று நாம் நினைக்கவில்லை. பணமில்லாமை ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அன்று. மூன்றாவது, நான்காவது வாசல்கள் இருப்பதை உரிய நேரத்தில் சொல்ல ஆள் இல்லை என்பதே நாம் காணும் பெரிய குறை.

இத்தனைக்கும் அறிவியல் நிறுவனங்கள் நம்மைவிட்டு வெகு தொலைவில் இல்லை. சின்னசேலத்திலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் சென்றால், மாவட்ட எல்லையிலேயே தலைவாசல் கூட்டுரோட்டில் ஆயிரம் ஏக்கருக்கும் மேலான பரப்பில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி வளாகமும் 2021 முதல் உள்ளன. கள்ளக்குறிச்சி பக்கம் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. ஆத்தூரைத் தாண்டினால் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். பேருந்தில் போகும்போது இவற்றின் மதிற்சுவர்களைப் பார்க்கிறோம். உள்ளே என்னென்ன வேலைகள் நடக்கின்றன, எந்தப் படிப்புப் படித்தவர்கள் அவற்றைச் செய்கிறார்கள் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏத்தாப்பூரில் நடந்த ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகவே சொல்லலாம். மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலைகளும் நம் வட்டாரத்தின் வாழ்வாதாரம். 2020ஆம் ஆண்டு வாக்கில் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட புதிய வகை மாவுப்பூச்சி ஒன்று கேரளத்திலும், பிறகு தமிழகத்திலும் மரவள்ளியைத் தாக்கியது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்க நாடுகளில் கோடிக்கணக்கான ஏழை மக்களின் உணவுப் பயிரை அழித்த பூச்சி. அங்கே அதை அடக்கியது அனகைரஸ் லோபசி என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். அப்பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வள நிறுவனம் தருவித்து, சோதித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் முதன்முறையாக வயலில் விட்டது.

இச்செய்தியைப் படிப்பவர் கண்ணுக்கு முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர்களே தெரிவார்கள். ஆனால் குளவி தானாகப் பெருகுவதில்லை. மாவுப்பூச்சியைக் கூண்டில் வளர்க்க வேண்டும், குளவியை அதன்மேல் விடவேண்டும், நாள்தோறும் எண்ண வேண்டும், வெப்பத்தையும் ஈரத்தையும் குறிக்க வேண்டும், பிறகு வயல் வயலாகக் கொண்டுபோய் விட்டு, விவசாயியிடம் மருந்து அடிக்காதீர்கள் என்று அவர் மொழியில் சொல்ல வேண்டும். இது வேளாண் பட்டயமோ இளநிலைப் பட்டமோ பெற்றவர்கள் செய்யக்கூடிய வேலை. கிழங்குக் காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளையைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்? தமிழ்நாட்டில் பி.எஸ்சி. வேளாண்மைக்கு நீட் தேர்வு கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அளவுகோல் என்பதுகூட நம் பெற்றோரில் பலருக்குத் தெரியவில்லை. கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களும் அப்படித்தான். போட்டி கடுமை, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு இடம் கிடைப்பதே இல்லையே.

பட்டயப் படிப்பு என்றால் நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. மதிப்பெண் குறைந்தவன் போகும் இடம் என்று பெயர். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த திரு. ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அன்று நம் கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும் சேர்ந்திருந்த பழைய மாவட்டத்தின் பிள்ளை. அவர் தந்தை ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்துவிட்டு அவர் சென்றது அவ்வூரிலேயே இருந்த பாலிடெக்னிக்கிற்கு. இயந்திரவியல் பட்டயம் பெற்ற பிறகே சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ., பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். நிலவுக்குப் போன வழியில் பாலிடெக்னிக் ஒரு படி. பேனர்கள் இதைச் சொல்வதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பள்ளியில் கணிதம் படித்து பி.எஸ்சி. முடித்தவருக்கும் அந்த வழி உண்டு. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் போன்றவை பட்டயம், பி.எஸ்சி., ஐ.டி.ஐ. முடித்தவர்களை அவ்வப்போது உதவித்தொகையோடு பயிற்சியாளராக எடுக்கின்றன. பி.எஸ்சி. படித்து எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் தேர்வை எழுதலாம். அதற்குப் பின் நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் பெற்றுக்கொண்டே ஆய்வு செய்யலாம். ஆத்தூர், விருத்தாசலம், விழுப்புரம் அரசு கலைக் கல்லூரிகளில் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும் பாதை இது. "வெறும் பி.எஸ்சி.தானே" என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்த மறுமுனை தெரிவதில்லை.

திருஅவைக்கும் ஆய்வகத்துக்கும் தூரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், குருமடத்தில் சேருவதற்கு முன் புவனோஸ் ஐரெஸ் நகரில் தொழில்நுட்பப் பள்ளியில் படித்து வேதியியல் நுட்பநர் பட்டயம் பெற்றவர். மாணவராக இருந்தபோதே காலையில் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை, மதியத்திற்குமேல் வகுப்பு என்று நாள்களைக் கழித்தார். அங்கு அவருக்கு மேலாளராக இருந்தவர் எஸ்தர் பாலெஸ்திரினோ என்ற பெண் அறிவியலாளர். ஒருமுறை ஒரு சோதனையைச் செய்யாமல், முந்தைய முடிவுகளை வைத்து ஊகித்து விடை எழுதிவிட்டார் இளைஞர் பெர்கோலியோ. அம்மையார் அதை ஏற்கவில்லை. செய்ய வேண்டியதை முறையாகச் செய்தே ஆகவேண்டும் என்று கண்டித்தார். வேலையின் மதிப்பைத் தனக்குக் கற்பித்தவர் அவர் என்று திருத்தந்தை பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய அன்னையரோடு நின்றதற்காக 1977இல் இராணுவ ஆட்சி அந்த அம்மையாரைக் கடத்திக் கொன்றது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோவோ கணிதத்தில் பட்டம் பெற்றவர்.

செய்யாத சோதனைக்கு விடை எழுதக்கூடாது என்பது சிறு பாடமாகத் தோன்றலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனாலும் எத்தனாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே நிறமற்றவை. பிரித்தறிய ஆய்வகம் வேண்டும். நோயாளியின் இரத்தத்தில் அமிலத்தன்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அந்த நேரத்தில் அளந்து சொல்ல ஒருவர் வேண்டும். அவர் மருத்துவர் அல்லர், ஆய்வக நுட்பநர். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரைப் போற்றும்போது மருந்து கலப்பவரையும் சேர்த்தே நினைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம் போன்ற படிப்புகளுக்கு மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே பெயரில் சிறு நகரங்களில் மாடிக் கட்டடங்களில் நடக்கும் சில நிறுவனங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் அரசுத் துறையோடும் தொடர்பில்லாத சான்றிதழ்களை விற்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டி, இரண்டாண்டு படித்து, அந்தச் சான்றிதழ் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூடச் செல்லாது என்று அறிந்த பெற்றோரின் கண்ணீரை நாம் அறிவோம். சேருமுன் ஏற்பளிப்பு உண்டா என்று கேட்டுப் பார்ப்பது அவநம்பிக்கை அல்ல, கடமை.

பணத்தைப் பொறுத்தவரை, முன்பிருந்த நிலை இன்று இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டு, அவ்வொதுக்கீட்டில் சேர்பவரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதாக அறிவித்தது. உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் 2024இலும் தொடங்கப்பட்டன. நம் திருஅவை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்குப் புதுமைப்பெண் 2024 டிசம்பரில் நீட்டிக்கப்பட்டது, 7.5 விழுக்காடு ஒதுக்கீடோ அப்போது உதவிபெறும் பள்ளிகளுக்கு இல்லை. ஒரே தெருவில், ஒரே வறுமையில் வளரும் இரு பிள்ளைகளில் ஒருவர் நம் பள்ளியில் படித்ததாலேயே வாய்ப்பு இழப்பது நியாயமா என்ற கேள்வியை ஆயர்களும் கல்விப் பணியாளர்களும் தொடர்ந்து எழுப்ப வேண்டும். பட்டியலினத்திலிருந்து கிறிஸ்தவரானோருக்கு இட ஒதுக்கீடு மறுக்கப்படும் பழைய காயமும் இதோடு சேர்கிறது. ஆயினும் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை தரும் கல்வி உதவித்தொகையில் கிறிஸ்தவரானோருக்கும் பங்கு உண்டு. தமக்கு எதுவுமே இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் நம் பங்குகளில் உண்டு.

கல்வராயன் மலையின் நிலை இன்னும் வேறு. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து அம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்த வழக்கை எடுத்து விசாரிக்கும் அளவுக்குப் பின்தங்கிய பகுதி. பெற்றோர் வேலை தேடி வெளியூர் போகும்போது பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடுகிறது. ஆனால் அதே மலையில், சேலம் மாவட்டப் பக்கமுள்ள கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளி இனத்து மாணவி ஒருவர், 2025இல் நுழைவுத் தேர்வில் வென்று சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்கத் தகுதி பெற்றார். அந்தப் பெண்ணைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. எது அவரை அங்கே கொண்டுசேர்த்தது என்று பார்க்க வேண்டும். தங்கிப் படிக்க இடம், மூன்று வேளை உணவு, நீ எழுது என்று சொல்லி விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஆசிரியர்கள், பயிற்சி. வெள்ளிமலையிலும் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி உள்ளது. மலைப் பிள்ளைக்கு விடுதி என்பது சலுகை அன்று, அதுவே பள்ளி. மிஷனரிகள் இதை அறிந்திருந்ததால்தான் பள்ளிக்கூடத்தோடு போர்டிங்கையும் கட்டினார்கள். அந்த விடுதிகளில் சில இன்று பிள்ளைகள் குறைந்து கிடக்கின்றன என்று கேள்விப்படும்போது, பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் சேரும் மலைப் பிள்ளைகளுக்கு அவற்றைத் திறந்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது.

நம் பங்குகள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பத்தாம் வகுப்பு முடித்ததும் பதினொன்றில் எந்தப் பிரிவை எடுப்பது என்பதில்தான் பாதி வழி முடிவாகிறது. அன்பியக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேச முடியும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்குப் பிறகு தேடி அலைந்தால் கலந்தாய்வு கைநழுவிவிடும். தவக்காலத்திலேயே இளையோர் குழு வீடு வீடாகக் கேட்டு எடுத்து வைத்துவிடலாம். இணையத்தில் விண்ணப்பிக்கப் பங்கு அலுவலகக் கணினி ஒரு வாரம் போதும். கால்நடை ஆய்வாளரோ, ஆய்வக நுட்பநரோ, சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதிக்கும் வேதியியலாளரோ நம் ஞாயிறு திருப்பலியிலேயே நம் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். தேர்வு முடிவு வரும் வாரத்தில் அவர்களில் இருவர் திருப்பலி முடிந்து ஒரு மணி நேரம் கோவில் வளாகத்தில் உட்கார்ந்து, தாங்கள் என்ன படித்தோம், எங்கே விண்ணப்பித்தோம், முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.