எண்ணும் உரிமை

கிளையில் மூன்று கிளிகள் அமர்ந்திருக்கின்றன. மேலும் இரண்டு கிளிகள் பறந்து வருகின்றன. இப்போது மொத்தம் எத்தனை? முதல் வகுப்புக் கணக்குப் புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும், இத்தகைய படம் ஒன்று அதில் இடம்பெற்றிருக்கும். பெரியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், ஒரு குழந்தை பள்ளிக் கல்வியில் நிலைத்து நிற்குமா, தடுமாறி விலகுமா என்பது பெருமளவுக்கு இந்தப் பக்கத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் குழந்தை, ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொன்னால் திகைத்து நிற்பதுண்டு. எண்ணின் பெயரை அறிவது வேறு. அதன் அளவை உணர்வது வேறு. முதலில் கையால் தொட்டு எண்ணும் பொருள், அடுத்து அதைப் பற்றிய பேச்சு, பிறகு படம், இறுதியாகத்தான் எழுத்தில் எண் என்பதே கல்வியாளர்கள் வகுத்துள்ள வரிசை. 2022-இல் வெளியிடப்பட்ட, அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பொருளுக்கும் குறியீட்டுக்கும் இடையிலான பாலம்தான் படம். பொருளைத் தொடாத குழந்தைக்கு அந்தப் படம் வெறும் அலங்காரமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கும் பொருந்தும்.

இந்த அடித்தளம் அமையாவிட்டால் மற்ற சீர்திருத்தங்கள் மாணவர்களுக்குப் பயன்படா என்பதை 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது. அக்கொள்கையின் மொழித் திட்டத்தைக் கடுமையாக எதிர்ப்பவர்கள்கூட இந்தக் கருத்தை மறுக்கமாட்டார்கள். அக்கொள்கையை ஏற்காத தமிழக அரசும் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசு 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' இயக்கத்தைத் தொடங்கி, 2026-27 கல்வியாண்டுக்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு நிர்ணயித்தது. 2023-இல் படங்கள் நிறைந்த புதிய கணிதப் பாடநூல்களும், பொம்மைகள், புதிர்கள், பட அட்டைகள் அடங்கிய 'ஜாதுயி பிட்டாரா' என்ற கற்றல் பெட்டியும் வெளியிடப்பட்டன. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை.

எனினும், பலன் போதுமானதாக இல்லை. ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, இரண்டு இலக்கக் கழித்தல் கணக்கைச் செய்யத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2022-இல் 25.9 சதவீதம், 2024-இல் 33.7 சதவீதம். இந்த முன்னேற்றம் பாராட்டுக்குரியதுதான். ஆயினும், மூன்று குழந்தைகளில் இருவருக்கு அந்தக் கணக்கு இன்னும் வசப்படவில்லை என்பதுதான் இதன் மறுபக்கம்.

குறை புத்தகத்தில் மட்டும் இல்லை. ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தை, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் விதைகளையும் கூழாங்கற்களையும் எண்ணிப் பழகியிருந்தால்தான் கிளிப் படம் அதனுடன் பேசும். ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பைத் தர வேண்டிய இடம் அங்கன்வாடி. நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. இவை கல்வி அமைச்சகத்தின் கீழ் அல்ல, மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. எடை பார்ப்பது, உணவு வழங்குவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வது என ஊழியரின் வேலைகள் நீள்கின்றன. 2023-இல் தொடங்கப்பட்ட 'போஷண் பீ, படாயீ பீ' திட்டத்தின் மூலம் கற்பித்தல் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. ஆனால், இவருக்கு மத்திய அரசு 2018-இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் கூடுதலாகத் தருவது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நாட்டின் முதல் கணக்கு ஆசிரியரை ஆசிரியராகவே கருதாத இந்த நிலை நியாயமானதல்ல.

இதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை வழிகாட்டு நெறிகளில் 45-ஆவது பிரிவில் விட்டுவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்று மட்டுமே கூறுகிறது. கல்விக் கொள்கையோ மூன்று வயதிலிருந்தே அடித்தளப் பருவத்தைக் கணக்கிடுகிறது. கொள்கை மூன்று வயதில் தொடங்க, உரிமை ஆறு வயதில் தொடங்குவது முரண்பாடு அல்லவா?

'செய்யலாம்' என்ற ஒரு சொல்லை 'செய்ய வேண்டும்' என்று மாற்றுவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அத்துடன், கற்பித்தலுக்கென அங்கன்வாடிதோறும் தனி ஊழியரும், அதற்குரிய ஊதியத்துக்கு மத்திய நிதியும் ஒதுக்கப்பட வேண்டும். கல்விக் கொள்கை குறித்து அவையில் எத்தனையோ முறை அனல் பறக்க விவாதம் நடந்திருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காக ஒரு நாளை ஒதுக்குவது பெரிய காரியமல்ல. இலக்கு ஆண்டு முடிந்ததும் விளம்பரங்களில் காட்டப்படும் சதவீதங்களைவிட, மூன்றுடன் இரண்டு சேர்ந்தால் ஐந்து என்பதைத் தானே எண்ணிக் கண்டறியும் குழந்தையே இத்திட்டங்களின் வெற்றிக்குச் சான்றாக இருக்க முடியும்.