பொறியில் சிக்கியும் பிடிபடாத வண்டு

2004இல், தெற்குக் கலிபோர்னியாவின் சான் டியேகோ மாவட்டத்தில் மாநில வேளாண் துறை வைத்திருந்த பொறியில் ஒரு புது வண்டு சிக்கியது. வெளியிலிருந்து மரத்துளைப்பான்கள் வந்துவிட்டனவா என்று பார்க்க வைத்த பொறி அது. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம், கரிய முதுகில் ஆறு பொன்னிறப் புள்ளிகள். சொந்த ஊர் பக்கத்து மாநிலமான அரிசோனா.

அதே வட்டாரத்தில் 2002 முதலே ஓக் மரங்கள் பட்டுக்கொண்டிருந்தன. வறட்சிதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். பொறியில் விழுந்த வண்டையும் காட்டில் பட்டுப்போன மரத்தையும் வனத்துறைப் பூச்சியியலாளர்கள் இணைத்துப் பார்த்தது 2008இல்தான். இடையில் போன நான்கு ஆண்டுகள் மிகப் பெரிய இழப்பு. பூச்சியைப் பிடிப்பது கணக்கெடுப்பில் பாதி வேலைதான். அது விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள மரங்களை உடனே போய்ப் பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குத்தான் ஆளும் பணமும் கிடைப்பதில்லை.

வண்டு இலையைத்தான் கொறிக்கும். அதனால் பெரிய கேடில்லை. மரத்தைக் கொல்வது அதன் புழு. பட்டைக்கு அடியில், கட்டையை ஒட்டிய உயிருள்ள அடுக்கைத் தின்று வளைந்து வளைந்து வழி போடுகிறது. நீரும் உணவும் ஓடும் பாதைகள் அறுபடுகின்றன. நூற்றாண்டு கண்ட மரமும் சில ஆண்டுகளில் உச்சியிலிருந்து காய்ந்து வருகிறது. அரிசோனாவின் ஓக் மரங்கள் இந்தப் பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. அங்கே இயற்கை எதிரிகளும் உண்டு. கலிபோர்னியாவின் கடலோர ஓக்குக்கும் கருப்பு ஓக்குக்கும் அந்தப் பழக்கமே இல்லை.

இன்று இந்த வண்டைப் பிடிக்கத் தொங்கவிடுவது ஊதா நிறத்தில், முப்பட்டை வடிவில், பசை தடவிய பிளாஸ்டிக் பொறி. வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களை அழித்த மரகத வண்டுக்காக உருவானது. மரகத வண்டு டெட்ராய்ட் அருகே 2002இல் அடையாளம் காணப்பட்டபோது, அது வந்து ஏறக்குறைய பத்தாண்டு கடந்திருந்தது. ஊதா நிறம் இவ்வகை வண்டுகளை இழுக்கும், உண்மைதான். ஆனால் பூச்சி குறைவாக இருக்கும் தொடக்க காலத்தில், அதாவது தகவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், பொறி வெறுமையாகவே தொங்கக்கூடும். வெறும் பொறியைப் பார்த்துவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதிவிடுவது ஆபத்தானது.

ஆகவே கண்தான் முக்கியம். வண்டு வெளியேறும் துளை, ஆங்கில 'D' எழுத்தின் வடிவில், 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் இருக்கும். அடிமரத்தில் அதைத் தேட வேண்டும். புழுவைத் தேடி மரங்கொத்திகள் பட்டையை உரித்த இடங்களும் நல்ல தடயம்.

அரிசோனாவுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே ஓக் மரமே இல்லாத பாலைநிலம் கிடக்கிறது. வண்டு தானாகப் பறந்து அதைக் கடந்திருக்க வாய்ப்பில்லை. விறகோடு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. 2012இல் ஐடில்வைல்ட், 2014இல் ஆரஞ்சு மாவட்டம், 2015இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம், 2018இல் ஓக் கிளென் என்று அது தாவித்தாவிப் போன விதமும் விறகு லாரியைத்தான் காட்டுகிறது. முகாமிடப் போகிறவர் விறகை அங்கேயே வாங்கி அங்கேயே எரித்தால் பாதி வழி அடைபடும்.

வண்டுகள் வெளிவருவது மே மாதம் தொடங்கி. அதற்குள், மிகுதியாகத் தாக்கப்பட்ட மரங்களை வெட்டிச் சிறு சில்லுகளாக அரைத்துவிட வேண்டும். துளை குறைவாக உள்ளவற்றின் அடிமரத்தில் மருந்து தெளிக்கலாம். பொறிகளை வாங்க ஒதுக்கும் பணத்தோடு, குளிர்காலத்தில் மரம் மரமாக நடந்து பார்ப்பவர்களின் கூலியையும் அதே திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்.