எந்தக் கடை மக்ரூன் பெஸ்ட்?

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்களைக் கவனித்தால் தெரியும். பெட்டி, பை, தண்ணீர் பாட்டிலோடு மக்ரூன் பொட்டலமும் கூடவே ஏறும். 'எந்தக் கடையில வாங்கினீங்க?' என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டுவிட்டால் போதும். ஆளுக்கொரு கடையைச் சொல்வார்கள். அடுத்தவர் சொல்லும் கடையை யாரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர் என்ன செய்வார்? கடைப் பெயரை விடுங்கள். மக்ரூன் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், நல்லது எது என்று கண்ணும் கையும் நாக்குமே சொல்லிவிடும்.

மூன்றே பொருள்

முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. அவ்வளவுதான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. வெள்ளைக்கருவில் துளி மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ பட்டுவிட்டால் நுரை சரியாக எழும்பாது. பொங்கி வரும் நுரையில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, கடைசியில் பொடித்த முந்திரியைக் கலப்பார்கள். முந்திரியில் எண்ணெய் இருப்பதால் ரொம்ப நேரம் கிளறினால் நுரை அமுங்கிவிடும். இங்கேதான் மாஸ்டரின் கைப்பக்குவம் தெரியும்.

பிறகு காகிதக் கூம்பில் நிரப்பி, சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் பல மணி நேரம் உலர விடுவார்கள். விறகு அடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரிகளில் இது ராத்திரி வேலை.

பிரான்ஸின் மக்ரோன் இதற்குத் தூரத்துச் சொந்தம். அங்கே பாதாம், இங்கே முந்திரி. அந்த முந்திரி மரமும் போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததுதான்!

வாங்கும் முன்...

* கையில் எடுத்தால் கனமே தெரியக் கூடாது.

* மேலே கருஞ்சிவப்பாக இருந்தால் சூடு அதிகமாகி சர்க்கரை தீய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

* உடைத்துப் பாருங்கள். நடுப்பகுதி வரை உலர்ந்திருக்க வேண்டும். பிசுபிசுவென்று இழுத்தால் சரியாக உலரவில்லை, அல்லது காற்றுப் பட்டு நமத்துவிட்டது.

* வாயில் போட்டதும் கரைய வேண்டும். கரைந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். முந்திரியின் மணமும் நறநறப்பும் நாக்கில் நின்றால் நல்ல மக்ரூன். வெறும் தித்திப்பு மட்டும் நின்றால் முந்திரியில் கை வைத்திருக்கிறார்கள்.

விலையில் இருக்கிறது விஷயம்

மூன்று பொருளில் விலை கூடியது முந்திரிதான். 'அந்தக் கடையில கம்மியா தர்றாங்களே' என்று எல்லோரும் விலையை மட்டும் பார்த்து நகர்ந்தால், நியாயமாக முந்திரி போடுகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும்: முந்திரியைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வியாபாரத்தை இழக்க வேண்டும். ஊர் ருசி கெட்டுப்போவது அடுப்பங்கரையில் மட்டுமல்ல, கல்லாப்பெட்டி முன்னால் நாம் நிற்கும் இடத்திலும்தான்.

பாக்கெட்டில் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் அதிகமாக உள்ள பொருளை முதலில் போட்டு, வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முந்திரி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அதற்குப் பதிலாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். பார்க்க வெள்ளையாக, பால் இனிப்பு மாதிரி இருப்பதால் முட்டை சாப்பிடாதவர்களுக்கும் சிலர் தெரியாமல் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். முட்டை, முந்திரி அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் அளவு பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மக்ரூனுக்கு எதிரி ஈரம். பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். நமத்துப் போனால், அவன் இருப்பவர்கள் 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

அடுத்த முறை தூத்துக்குடி போனால் மூன்று கடைகளில் தலா 100 கிராம் வாங்குங்கள். வீட்டில் மூன்று தட்டில் வைத்து, கடைப் பெயரை மறைத்து, 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர். தாத்தா முதல் பேத்தி வரை எல்லோரும் ஓட்டுப் போடட்டும். இத்தனை வருடம் சண்டை போட்டுக் காப்பாற்றிய கடை மூன்றாவது இடத்துக்குப் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஜெயித்த கடைக்கு அடுத்த முறை பேரம் பேசாமல் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்!