கடிகாரக் குமிழில் இருந்த நீலக்கல்



காதுத் தோட்டின் சுரை எவ்வளவு சிறியது! கீழே விழுந்தால் சத்தம்கூடக் கேட்பதில்லை. ஆனால் அது தொலைந்து விட்டால் தோடு எத்தனை பவுனாக இருந்தாலும் காதில் நிற்காது. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் கதையும் இதுதான். ஒரு சிறு பாகம் கழன்று விழுந்ததும் முழுக் கடிகாரமும் அலுமாரி லாச்சிக்குள் போய்விடுகிறது. அல்லது "இனி இது எதற்கும் உதவாது" என்று யாரோ சொன்னதை நம்பி வந்த விலைக்கு விற்கப்படுகிறது. இம்மாதம் இது பற்றிப் பேசுவதற்கு ஒரு சகோதரியின் கடிதம் காரணமாக அமைந்தது.

களுத்துறை மாவட்டத்திலிருந்து எழுதியுள்ள அச்சகோதரியின் கணவர் பல வருடங்கள் துபாயில் தொழில் செய்தவர். விடுமுறையில் வந்த ஒரு தடவை மனைவிக்கு ஒரு கார்ட்டியே கைக்கடிகாரம் கொண்டு வந்து கொடுத்தாராம். இப்போது அவர் மௌத்தாகி ஆறு வருடங்கள். அடுத்த வருடம் மகளுக்கு நிக்காஹ். அன்று வாப்பாவின் நினைவாக அந்தக் கடிகாரத்தை மகளின் கையில் கட்டிவிட வேண்டும் என்பது தாயின் ஆசை. எடுத்துப் பார்த்தபோது, பக்கத்திலுள்ள குமிழின் நுனியில் இருந்த நீலக்கல்லைக் காணவில்லை.

பக்கத்து நகரில் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கிருந்தவர் ஒரு நீல மணியை சுப்பர் குளூ வைத்து ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நேரத்தைச் சரிசெய்யப் பார்த்தால் குமிழ் வெளியே இழுபடவே இல்லை. இன்னொரு கடையில் காட்டியபோது, "கல் போய்விட்டது, குமிழும் இறுகிவிட்டது, இனி இதற்குப் பெறுமதி இல்லை. வேண்டுமானால் நான் ஒரு விலைக்கு எடுக்கிறேன்" என்றார்களாம். "அந்தக் கல் அசல் நீலக்கல்லா? கடையில்தான் கழற்றி எடுத்து விட்டார்களா? கடிகாரத்தை விற்பதா, வைத்திருப்பதா?" என்று கேட்கிறார் சகோதரி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லி விடுகிறோம். விற்க வேண்டாம். குறைந்தபட்சம், நேர்மையான ஒருவர் கடிகாரத்தைத் திறந்து பார்க்கும் வரையாவது விற்க வேண்டாம். கல் உதிர்ந்த கடிகாரம் குறையுள்ள கடிகாரம்தான். பெறுமதி இல்லாத கடிகாரம் அல்ல. இது திருத்தக் கூடிய குறை. அதைச் சொல்லி விலையைக் குறைப்பவருக்கும் இது தெரியாமல் இருக்காது.

இனி கல்லின் விடயத்துக்கு வருவோம். பிரேசில் நாட்டைச் சேர்ந்த விமானி அல்பேர்ட்டோ சந்தோஸ் துமோன், பறக்கும்போது சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது சிரமமாக இருப்பதாகத் தம் நண்பர் லூயி கார்ட்டியேயிடம் சொன்னதால், 1904இல் அவருக்காக ஒரு கைக்கடிகாரம் செய்யப்பட்டது. 'டாங்க்' எனப்படும் நீள்சதுரக் கடிகாரம் 1917இல் வடிவமைக்கப்பட்டு 1919இல் விற்பனைக்கு வந்தது. சாவி கொடுக்கவும் நேரத்தை மாற்றவும் பயன்படும் குமிழின் நுனியில் ஒரு நீலக்கல்லைப் பதிப்பது இந்நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கல் பட்டை தீட்டப்பட்டதல்ல. உருண்டு வழவழப்பாக இருக்கும். பேருவளை, இரத்தினபுரிப் பக்கத்துச் சகோதரிகள் வைடூரியத்தையும் நட்சத்திரக் கல்லையும் எப்படித் தீட்டுகிறார்கள் என்று பார்த்திருப்பார்கள். அதே வெட்டுத்தான். ஆனால் எல்லாக் கடிகாரங்களிலும் ஒரே கல் இருப்பதில்லை. பொதுவாகத் தங்கக் கடிகாரத்தில் நீலக்கல்லும், பிளாட்டினத்தில் சிவப்பு மாணிக்கமும், எஃகுக் கடிகாரத்தில் செயற்கை ஸ்பினலும் பதிக்கப்படும். ஸ்பினல் எமது மண்ணிலும் கிடைக்கும் கல்தான். ஆனால் கடிகாரத்தில் வைப்பது தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டது. பிரான்ஸைச் சேர்ந்த வேர்னோய் என்பவர் 1902இல் வெளியிட்ட முறைப்படி, தூளைச் சுவாலையில் உருக்கிச் செயற்கைக் கற்கள் வளர்க்கப்படுகின்றன. சிறிதளவு கோபால்ட் சேர்த்தால் ஸ்பினலுக்கு அந்த ஆழ்ந்த நீலம் வந்துவிடும்.

சகோதரி தமது கடிகாரம் தங்கம் என்றே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அனுப்பிய புகைப்படத்தில், பின்மூடியில் வெள்ளி என்றும் 20 மைக்ரோன் தங்க முலாம் என்றும் பிரெஞ்சு மொழியில் பொறித்திருப்பது தெரிகிறது. 1977 முதல் 'மஸ்ட்' என்ற பெயரில் வந்த வகையில் இத்தகைய கடிகாரங்கள் உண்டு. இதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. அவையும் கார்ட்டியே கடிகாரங்களே. இன்றும் அவற்றைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். ஆனால் போலிகளும் மலிந்து கிடப்பதால், பொறிப்பை மட்டும் வைத்து அசல் என்று உறுதி கூற முடியாது. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வகைக் கடிகாரத்தில் இருந்தது பொதுவாகச் செயற்கைக் கல்லே. அதைத் தனியே கழற்றி விற்று ஒருவர் பணக்காரர் ஆக முடியாது. கல் தொலைந்ததைக் கவனித்த பிறகுதானே சகோதரி கடைக்குப் போனார்? ஆகவே அவ்விடயத்தில் கடைக்காரரைச் சந்தேகிக்க இடமில்லை. நாட்பட ஒட்டுத் தளர்ந்து, புடவை முந்தானையிலோ கதவிலோ உரசி விழுந்திருக்கலாம். கடைக்காரர் செய்த தவறு வேறு.

சுப்பர் குளூ தண்ணீர் போல ஓடும் பசை. கல்லிருந்த குழியில் ஒரு துளி கூடினால் குமிழின் ஓரமாக வழிந்து, குமிழுக்கும் கடிகார உடலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிக்குள் இறங்கிவிடும். அங்கே காய்ந்ததும் குமிழ் அசையாது. அதன் ஆவி பட்டு மினுக்கமான இடங்களில் வெள்ளை படரவும் கூடும். அறிந்தவர்கள் பழைய ஒட்டைச் சுத்தம் செய்து, இரண்டு பசைகளைக் கலந்து பயன்படுத்தும் மெதுவாக இறுகும் ஒட்டையே எடுப்பார்கள். அதையும் குமிழைக் கடிகாரத்திலிருந்து கழற்றி வைத்தே செய்வார்கள். சகோதரிகளே, இறுகிய குமிழைக் குறட்டால் இழுக்காதீர்கள். குமிழோடு உள்ளே செல்லும் மெல்லிய தண்டு முறிந்துவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தையும் ஊற்றாதீர்கள். அது பசையைக் கரைக்கும்தான். ஆனால் தண்ணீர் புகாமல் காக்கும் றப்பர் வளையத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

"ஒரு சிறு கல்தானே, கடையில் வாங்க முடியாதா?" என்று கேட்கலாம். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெரிய கடிகார நிறுவனங்கள் பல, தமது உதிரிப்பாகங்களை வெளியிலுள்ள திருத்துநர்களுக்கு விற்பதில்லை. தாங்கள் அங்கீகரித்த நிலையங்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. ஐரோப்பாவின் கடிகாரம் திருத்துவோர் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கெதிராக 2004இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தது. ஆணைக்குழு அதை ஒதுக்கியபோது 2010இல் நீதிமன்றம் அம்முடிவை இரத்துச் செய்தது. மீண்டும் விசாரித்த ஆணைக்குழு 2014இல் முறைப்பாட்டை நிராகரித்தது. இம்முறை 2017இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. தரத்தைக் காக்கவும் போலிகளைத் தடுக்கவும் இந்த ஏற்பாடு தேவை என்பது நிறுவனங்களின் வாதம். ஊரிலுள்ள திறமையான கைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது திருத்துவோரின் கவலை. எது சரியானாலும், விளைவு எம்மையும் வந்தடைகிறது. நல்ல திருத்துநரிடம் கூட அசல் பாகம் இல்லாமல் இருப்பது இதனால்தான்.

ஆகவே சகோதரிக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு அனுப்புவது. வளைகுடா நாட்டிலிருந்து வந்து போகும் உறவினர் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். அங்கு கல்லை மட்டும் வைக்காமல் குமிழையே முழுதாக மாற்றச் சொல்லக் கூடும். முழுச் சேவையும் செய்ய வேண்டும் என்றும் கூறலாம். எனவே வேலை தொடங்க முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எதற்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள். உதாரணமாக, நிறம் மங்கிய முகப்பை மாற்ற வேண்டாம், உடலை மினுக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. முலாம் பூசிய கடிகாரத்தை மினுக்கினால் முலாம் தேய்ந்து வெள்ளி தெரியும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்பதையும் முன்னரே கேட்டு விடுங்கள். நாட்டை விட்டு அனுப்ப முன் பின்மூடி இலக்கத்தைக் குறித்து, புகைப்படம் எடுத்து, திரும்பி வரும்போது என்ன ஆவணம் தேவை என்று சுங்கத்திலும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, உள்ளூரில் செய்வது. அனுபவமுள்ள ஒரு திருத்துநர் குமிழைக் கழற்றிப் பசையை அகற்றிக் கொடுத்தால், அந்தக் குழியின் அளவுக்கு ஒரு கல்லைத் தீட்டிக் கொள்ளலாம். உலகின் பல நகரங்களில் இதற்கு ஆள் தேட வேண்டும். எமக்கோ பேருவளைச் சீனன்கோட்டையும் இரத்தினபுரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சில மில்லிமீற்றர் அளவான நீலக்கல்லையோ ஸ்பினலையோ உருண்டையாகத் தீட்டுவது அங்குள்ள கைகளுக்குப் புதிய வேலையல்ல. ஆனால் கல்லின் அடியும் உயரமும் குழிக்குப் பொருந்த வேண்டும். கூடுதலாக வெளியே நீட்டினால் மீண்டும் உரசி விழும். ஆகவே கல் தீட்டுபவர் குமிழைக் கையில் வைத்தே அளவெடுக்க வேண்டும்.

எதைத் தெரிவு செய்வது? என்றோ ஒரு நாள் விற்கும் எண்ணம் இருந்தால் முதலாவது வழியே நல்லது. நிறுவனத்தின் பற்றுச்சீட்டு கடிகாரத்தின் பெறுமதிக்குத் துணை நிற்கும். விற்கவே போவதில்லை, மகள் அணிய வேண்டும் என்பதே நோக்கமானால் இரண்டாவது வழியில் குறையொன்றும் இல்லை. அதில் கணவரின் கைபட்ட அதே குமிழும் கடிகாரத்திலேயே தங்கிவிடுகிறது. பின்னர் விற்க நேர்ந்தால், கல் இங்கே தீட்டியது என்று வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். மாற்றுப் பாகம் வைப்பதில் தவறில்லை. மறைப்பதில்தான் தவறு இருக்கிறது.

மற்றச் சகோதரிகளுக்கும் சில வார்த்தைகள். கல் உதிர்ந்ததைக் கண்டால் உடனே தும்புத்தடியை எடுக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டோர்ச் விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சிறு கல் மின்னிக் காட்டிக் கொடுக்கும். கல் மட்டும் விழுந்திருந்தால், குமிழ் தன் இடத்தில் இருக்கும் வரை தண்ணீரைத் தடுக்கும் றப்பர் வளையத்துக்குப் பாதிப்பில்லை. முழுக் குமிழுமே கழன்றிருந்தால் அணிய வேண்டாம். அந்தத் துவாரம் வழியே வியர்வையும் தூசியும் உள்ளே போகும். துவாரத்தில் சிறு ஒட்டுத்தாள் வைத்து, காற்றுப் புகாத உலர்ந்த பெட்டியில் போட்டுத் திருத்துநரிடம் கொடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம், அரிசித் தூள் இயந்திரத்துக்கு ஆகாது. பழைய கடிகாரங்களின் றப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும் என்பதால் வுழூச் செய்யும்போது கழற்றி வைப்பதே நல்லது. குழாயடியில் வைக்காமல் சட்டைப் பைக்குள் வையுங்கள். பற்றரி தீர்ந்த கடிகாரத்தை அப்படியே வருடக் கணக்கில் வைத்திருக்காமல் பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள். அது கசிந்தால் கல்லை விடப் பெரிய நட்டம் வரும்.

இறுதியாக ஒன்று. வீட்டில் பெறுமதியான கடிகாரம் இருந்தால், அதன் பெட்டிக்குள் ஒரு சிறு துண்டுக் கடதாசி வையுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது, எந்த வருடம், பின்மூடி இலக்கம் என்ன, எந்தப் பாகம் எப்போது யாரால் மாற்றப்பட்டது என்று எழுதி வையுங்கள். பாகம் தொலைந்தால் வேறொன்று செய்து கொள்ளலாம். விபரம் தெரிந்தவர் போன பின் விபரத்தை எங்கும் வாங்க முடியாது.